உயிருக்கு மருந்து, ஊர்க்கண்ணுக்குக் கத்தி

1950இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் லாசன் வில்கின்ஸ், பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்ற அரிய நோய்க்குக் கார்டிசோன் பலனளிப்பதைக் கண்டு எழுதினார். அதுவரை இந்நோயின் கடுமையான வகையுடன் பிறந்த குழந்தைகள், உடலின் உப்பும் நீரும் வற்றி, சில வாரங்களிலேயே இறந்துகொண்டிருந்தன.

சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. அதில் ஒரு நொதி குறைந்தால் கார்டிசோல் போதுமான அளவு சுரக்காது. மூளை சுரப்பியை மேலும் மேலும் விரட்டும். கார்டிசோலாக வேண்டியது ஆண்ட்ரோஜனாகிவிடும். கருப்பையும் சூலகமும் உள்ள பெண்குழந்தை பெரிய கிளிட்டோரிஸுடன் பிறக்கும். ஆண்குழந்தையிடம் பெரும்பாலும் வெளியடையாளம் இருக்காது. அதனால் நோய் தெரியாமலே பல ஆண்குழந்தைகள் இறந்தன. அதாவது, பெண்ணுடலின் அந்த வேறுபாடே உயிர்காக்கும் எச்சரிக்கை.

எச்சரித்த உறுப்பைத்தான் வெட்டினார்கள்.

1955இல் அதே மருத்துவமனையில் உளவியலாளர் ஜான் மணியும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு நெறியை வகுத்தனர். குழந்தையை ஆண் என்றோ பெண் என்றோ உறுதியாக வளர்க்க வேண்டும்; உறுப்பையும் அதற்கேற்பச் சீக்கிரமே திருத்த வேண்டும். பல சிறுமிகளின் கிளிட்டோரிஸ் முழுமையாக அகற்றப்பட்டது. நடந்தது என்னவென்று வளர்ந்த பிறகும் பலரிடம் சொல்லப்படவில்லை. நான் இலக்கணம் கற்பிப்பவள். 'பால்' என்றால் பகுப்பு என்று வகுப்பில் சொல்வேன். சொற்களைப் பகுப்பதில் யாருக்கும் வலிப்பதில்லை. இங்கே பகுப்புக்குப் பொருந்தும்படி சதை அறுக்கப்பட்டது. உணர்ச்சியும் இன்பமும் போயின.

அப்படி வெட்டப்பட்டவர்களே பின்னர் பேசினார்கள். 1993இல் ஷெரில் சேஸ் அமெரிக்காவில் இடைப்பாலினருக்கான அமைப்பைத் தொடங்கினார். 2019 ஏப்ரலில், ஒரு திருமணப் பதிவு வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைப்பாலினக் குழந்தைகளுக்கான இத்தகைய 'திருத்த' அறுவைகளைத் தடைசெய்யச் சொன்னது. அவ்வாண்டே தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, அவற்றைத் தடைசெய்து ஆணையிட்டது.

குழந்தைக்கு உண்மையில் வேண்டியவை எளியவை: தினமும் ஹைட்ரோகார்டிசோன், உப்பை இழக்கும் குழந்தைக்கு ஃப்ளூட்ரோகார்டிசோனும், கைக்குழந்தையாயின் கூடுதல் உப்பும், காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி கூட்டிய அளவு, மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் ஊசி. வாழ்நாள் முழுதும் தவறாமல் தரவேண்டியது மருந்துதான். அறுவை காத்திருக்கலாம். அவள் வளர்ந்து, தன் உடலைத் தானே அறிந்து, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லட்டும்.