யாழ்ப்பாணர் காட்டிய இசைநெறி

பலர் ஒருங்கு கூடி இசைக்கும் இசைக்கு இருவகை இடையூறுகள் உண்டு. சுருதியும் தாளமும் பிழைத்தல் ஒன்று. ‘இவ்விசை என்னால் விளைந்தது’ என்னும் எண்ணம் ஒருவர் உள்ளத்துட் புகுதல் மற்றொன்று. முன்னையது பயிற்சியால் நீங்கும். பின்னையதோ பயிற்சி முதிர முதிர வளரும் இயல்பினது. அஃது எங்ஙனம் பிறக்கின்றது, எங்ஙனம் நீங்குகின்றது என்பதனைத் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் வரலாறு இனிது விளக்கும்.

நாயனார் திருஎருக்கத்தம்புலியூரில் தோன்றியவர். திருஞானசம்பந்த சுவாமிகளுடன் கி. பி. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் வரலாற்றை 12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமான் விரித்தோதினார். சம்பந்தரை அடைதற்கு முன்னரே பாணர் தனித்து யாழ் வாசித்துப் பெரும் பேறு பெற்றவர் என்பது அப்புராணத்தால் அறியப்படும். மதுரைத் திருக்கோயிலில் இறைவன் ஆணையால் அவருக்குப் பொற்பலகை இடப்பெற்றது; திருவாரூரில் அவர் உட்புகுதற்கு வேறு வாயில் வகுக்கப்பெற்றது. இத்துணைச் சிறப்புற்றவர், தம் மனைவியார் மதங்கசூளாமணியாரோடு சீகாழி சென்று, பிள்ளையார் அருளும் திருப்பதிகங்களை யாழிலிட்டு வாசிக்கும் பணியைத் தாமே விரும்பி வேண்டிப் பெற்றனர். தனித்து நின்று விளங்கவல்ல ஒருவர் பிறர் பாட்டின் வழிச்செல்ல இசைந்த இச்செயலே இவ்வரலாற்றின் முதற்படியாகும்.

சம்பந்தர் தலந்தோறும் சென்று பாட, பாணர் உடன் சென்று வாசித்து வருங்கால், அவர் தாயார் பிறந்த ஊராகிய திருத்தருமபுரத்தை இருவரும் அடைந்தனர். காரைக்காலை அடுத்துள்ளது அத்தலம். ஆங்கிருந்த பாணரின் சுற்றத்தார் எதிர்கொண்டு மகிழ்ந்து, திருப்பதிக இசையை அவர் யாழில் இட்டு வாசித்தமையாலேயே அது உலகிற் பரந்ததெனப் புகழ்ந்தனர். அவர் சொல்லில் வஞ்சமில்லை; தம் இனத்தவர்பால் வைத்த அன்பே அங்ஙனம் பேசுவித்தது. ஆயினும் அச்சொற் கேட்ட பாணர் மகிழ்ந்திலர், நடுங்கினர். பாடுவாரையும் வாசிப்பாரையும் பிரிக்கும் சொல் பெரும்பாலும் அவர்தம் வாயிற் பிறப்பதன்று. அருகிருந்து கேட்பார் வாயிற் பிறந்து, பின்னர் அவர் செவிவழி உட்புகுவது. அதனைச் செவியளவிலேயே தடுத்தவர் பாணர்.

தடுத்ததோடும் அவர் அமைந்திலர். பிள்ளையார் திருவடியில் வீழ்ந்து, திருப்பதிக இசை யாழில் அடங்காது என்பதனைச் சுற்றத்தாரும் உலகத்தாரும் அறியுமாறு ஒரு பதிகம் பாடியருள வேண்டுமென்று விண்ணப்பித்தனர். தம் தோல்வியைப் பலரறியத் தாமே வேண்டிப் பெற்ற கலைஞரைக் காண்டல் அரிது! சம்பந்தர் அங்ஙனமே பாடியருளினர். முதல் திருமுறையின் இறுதியில் 136-ஆம் பதிகமாக நிற்பது அதுவே.

பாணர் அதனை யாழிலிட முயன்றார், இயலவில்லை. யாழின் அமைப்பை நோக்குவார்க்கு இதன் காரணம் ஒருவாறு புலப்படும். யாழ் நரம்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரத்திற்குக் கூட்டப்பெறுவது. வீணையிற்போல மெட்டின்மேல் நரம்பை அழுத்தி இழுத்து வாசித்தற்கு அதன்கண் இடமில்லை. மிடறோ சுரத்திற்கும் சுரத்திற்கும் இடையே குழைந்தும் வளைந்தும் செல்லவல்லது.

இக்கருவியைத் தாம் கைக்கொண்டமையாலன்றோ அப்பழி விளைந்தது எனக் கருதிய பாணர், யாழை உடைக்க ஓங்கினர். சம்பந்தர் அதனைத் தடுத்துத் தம் கையில் வாங்கினர். அந்தணர் குலத்துதித்த பிள்ளையார் பாணர் குலத்தவரை ‘ஐயர்’ என விளித்தமையைச் சேக்கிழார் குறித்துள்ளார். இறைவன் திருவருளின் பெருமை இக்கருவியில் அளவுபடுமோ என வினவி, இயன்றவாறு வாசிப்பீராக என்று யாழை மீளக் கொடுத்தனர். பதிகத்தின் பண் ‘யாழ்முரி’ எனவும், அத்தலத்து இறைவர் ‘யாழ்முரிநாதர்’ எனவும் வழங்கப்பெறினும், சேக்கிழார் வாக்கின்படி யாழ் முரியவில்லை என்பது கருதற்பாலது.

ஈண்டுச் சித்தாந்த உண்மை ஒன்று உளது. ஆணவம் உயிரைப் பற்றியது, கருவியைப் பற்றியதன்று. கருவி மாயையின் காரியமாய் உயிர்க்கு விளக்குப்போல் உதவுவது. இருளுக்கு அஞ்சி விளக்கை உடைப்பாரும் உளரோ? யாழை உடைப்பின் பணி ஒழியுமேயன்றி ‘யான்’ என்பது ஒழியாது. எல்லையறிந்து அருள்வழி நின்று அப்பணியைத் தொடர்ந்து செய்தலே அதனை ஒழிக்கும் வழியாம். பாணரும் யாழைப் பெற்று உடன் சென்று, நல்லூர்ப்பெருமணத்துச் சோதியில் சம்பந்தருடன் கலக்குங்காறும் பிரிந்திலர்.

மிடற்றுக்கும் கருவிக்கும் உரிய இவ்வுறவு பிற்காலத்துத் திருக்கோயில் ஒழுங்கினும் இடம்பெற்றது. முதலாம் இராசராச சோழர் தம் 29-ஆம் ஆட்சியாண்டளவும் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பேரையும், அவருடன் உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்தனர் என்று அக்கோயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. இவ்வைம்பதின்மருக்கும் நாளொன்றுக்குத் தலைக்கு 3 குறுணி நெல். பாடுவார்க்கு மிகுதியும் கொட்டுவார்க்குக் குறைவும் இல்லை. ஒருவர் இறந்தாலோ ஊர்விட்டுச் சென்றாலோ உறவினர் அவ்விடம் பெறுவர். உறவினர் தகுதியிலரேல் தக்கார் ஒருவரைத் தாமே அமர்த்தல் வேண்டும். உறவினரே இல்வழி ஏனைய பணியாளர் கூடித் தக்கவரைத் தெரிந்து நியமிப்பர். உடனிசைப்பார் தகுதியை உடனிசைப்பாரே அறிவர் என்பது அவ்வேற்பாட்டின் கருத்துப்போலும்.

இக்காலத்து ஓதுவார்கள் யாழ்முரிப் பதிகத்தை அடாணா இராகத்தில் ஓதுவர். அதனைக் கேட்கும் அன்பர்கள், மிடறு வென்றது, யாழ் தோற்றது என்று கொள்ளற்க. வென்று தருக்காத மிடற்றையும், தோற்றும் பணி துறவாத யாழையும் ஒருங்கே நினைந்து போற்றுவாராக.