கட்சி சாரா லீக் (வட டகோட்டா)

கட்சி சாரா லீக் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட டகோட்டா மாநிலத்தில் 1915ஆம் ஆண்டு தோன்றிய விவசாயிகள் அமைப்பு. தனிக்கட்சி தொடங்காமல், மாநிலத்தில் வேரூன்றியிருந்த குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலுக்குள் புகுந்து, தன் ஆட்களை அக்கட்சியின் பெயரிலேயே நிறுத்தி வென்றது. 1917 தொடக்கத்திலிருந்து 1921 இறுதி வரை ஆளுநர் பதவி அதன் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் அது நிறுவிய அரசு வங்கியும் அரசு மாவு ஆலையும் இன்றும் நடக்கின்றன. அமெரிக்க நாட்டுப்புறத்தார் தங்கள் நலனையே பார்க்காமல் கட்சிப் பெயரைப் பார்த்து வாக்களிக்கிறார்கள் என்ற வாதம் எழும்போதெல்லாம், அதை மறுப்போரும் ஆதரிப்போரும் ஒருசேர எடுத்துக்காட்டும் வரலாறு இது.

பின்னணி

வட டகோட்டா 1889இல் மாநிலமாயிற்று. ரயில் பாதையை ஒட்டி ஆள் குடியேறிய பூமி அது. நார்வேயிலிருந்து வந்தவர்களும், ரஷ்யாவில் சில தலைமுறை வாழ்ந்துவிட்டுக் கப்பலேறிய ஜெர்மானியர்களும் அங்கே மிகுதி. விளைந்தது கோதுமை. விலை வைத்தது பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகரம். அந்நகரின் தானியச் சந்தை, மாவு ஆலைகள், அவற்றோடு கைகோத்த ரயில் கம்பெனிகள் ஆகிய மூன்றும் சேர்ந்து சொன்னதுதான் விலை. மாநிலத்தின் குடியரசுக் கட்சியை நெடுங்காலம் ஆட்டிவைத்த அலெக்சாண்டர் மெக்கென்சி, நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் ஆள்.

ரயிலடியில் நின்ற உயரமான தானியக் கிடங்குக்கு எலிவேட்டர் என்று பெயர். விவசாயி குதிரை வண்டியில் கோதுமையைக் கொண்டுவந்து இறக்கியதும், கிடங்குக்காரர் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துத் தரம் சொல்வார். முதல் தர வடக்குக் கோதுமை என்றால் ஒரு விலை. இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று இறங்கினால் அதற்கேற்ற விலை. களை விதையும் தூசியும் கலந்திருப்பதாக எடையில் ஒரு பங்கு கழிக்கப்படும். கழித்த களை விதைக்கு விவசாயிக்குக் காசு கிடையாது. அதே விதை பின்னர் கால்நடைத் தீவனமாக விலைபோகும். தரத்தைக் குறைத்து வாங்கிவிட்டுக் கலந்து கூட்டி விற்கிறார்கள் என்பது ஊரறிந்த குறை. லீக்கின் ஆதரவாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டிய கணக்கு ஒன்று உண்டு. 1910 முதல் 1912 வரையான இரண்டு ஆண்டுகளில் மினியாபொலிஸ் பெருங்கிடங்குகளுக்குள் வந்த முதல் தரக் கோதுமை ஒன்றரைக் கோடி புஷலுக்குச் சற்று மேல். வெளியே போன முதல் தரக் கோதுமை ஏறத்தாழ 2 கோடி புஷல்.

இந்தக் குறைக்கு ஆய்வுக்கூடச் சான்று தந்தவர் ஃபார்கோ வேளாண் கல்லூரியின் வேதியியலாளர் எட்வின் லாட். 1916இல் தண்டுத் துரு நோய் தாக்கி மணி சுருங்கியது. சுருங்கிய கோதுமைக்குச் சந்தை வைத்த பெயர் ‘தீவனம் டி’. அதாவது, மாட்டுக்குத்தான் ஆகும். லாட் அதை அரைத்துப் பார்த்தார். நல்ல மாவும் நல்ல ரொட்டியும் கிடைத்தன. லாட் பின்னர் லீக்கின் ஆதரவில் அமெரிக்க செனட்டுக்கே போய்ச் சேர்ந்தார்.

கட்சிப் பெயரை இறுகப் பற்றாத பழக்கமும் இம்மாநிலத்துக்குப் புதிதன்று. 1892 குடியரசுத் தலைவர் தேர்தலில் அதற்கிருந்த 3 தேர்வாளர் வாக்குகள் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி, மக்கள் கட்சி ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவ்வாண்டு மக்கள் கட்சியினரும் ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்து ஈலை ஷார்ட்ரிட்ஜ் என்பவரை ஆளுநராக்கினர். 1906 முதல் ஜனநாயகக் கட்சியின் ஜான் பர்க் மூன்று முறை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மெக்கென்சியைப் பிடிக்காத குடியரசுக் கட்சியினரின் வாக்கே அவருக்குத் துணை. எனினும் இவை விதிவிலக்குகள். சாதாரண நாளில் வட டகோட்டாக்காரர் குடியரசுக் கட்சிக்காரர்; உள்நாட்டுப் போரில் வென்ற கட்சி, இலவச நிலம் தந்த கட்சி என்ற நினைவு அதற்குப் போதுமாக இருந்தது. ஆகவே 1907இல் வந்த ஒரு சட்டம்தான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் கதவு திறந்தது என்று கொள்ள வேண்டும். வேட்பாளரைக் கட்சித் தலைவர்கள் கூடித் தீர்மானிப்பது போய், மக்களே உட்கட்சித் தேர்தலில் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை அந்த ஆண்டில் வந்தது.

தோற்றம்

அரசே பெருங்கிடங்கு கட்டலாம் என்று வாக்காளர்கள் 1912இலும் 1914இலும் அரசியலமைப்புத் திருத்தங்களுக்கு ஒப்புதல் தந்தனர். 1915 தொடக்கத்தில் தலைநகர் பிஸ்மார்க்கில் கூடிய சட்டமன்றம் அதை ஏற்க மறுத்தது. நியாயம் கேட்டுத் தலைநகரில் கூடிய விவசாயிகளைப் பார்த்து, ‘வீட்டுக்குப் போய்ப் பன்றிக்குத் தீனி வையுங்கள்’ என்று ட்ரெட்வெல் ட்விச்செல் என்ற உறுப்பினர் சொன்னதாகக் கதை பரவியது. தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்தார். மறுப்பு யார் காதிலும் ஏறவில்லை. மாநிலம் முழுவதும் அந்த வாக்கியம் லீக்குக்கு ஆள் சேர்த்தது.

ஆள் சேர்த்தவர் ஆர்தர் டவுன்லி. மேற்கெல்லையில் உள்ள பீச் என்ற ஊரில் கடன் வாங்கிப் பெரிய அளவில் ஆளிப் பயிர் போட்டு, விலை விழுந்து நொடித்துப் போனவர். பின்பு சோஷலிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியரானார். பண்ணை பண்ணையாகப் போனபோது ஒன்று அவருக்குப் பிடிபட்டது: சோஷலிஸ்டுகளின் கொள்கை விவசாயிக்குப் பிடிக்கிறது, கட்சியின் பெயர் பிடிக்கவில்லை. 1915 பிப்ரவரியில் டீரிங் ஊருக்கு அருகே ஃப்ரெட் உட் என்பவரின் பண்ணையில் லீக் தொடங்கியது.

வேலைமுறை எளிது. உள்ளூரில் மதிப்புள்ள விவசாயி ஒருவரை ஃபோர்டு காரில் ஏற்றிக்கொண்டு லீக் ஊழியர் அண்டைப் பண்ணைக்குப் போவார். அரசுக் கிடங்கு, அரசு மாவு ஆலை, ஆலங்கட்டி மழைக்கு அரசுக் காப்பீடு, பண்ணை மேம்பாட்டுக்கு வரிவிலக்கு, குறைந்த வட்டிக் கடன் ஆகிய ஐந்தையும் விளக்குவார். சந்தா முதலில் 2.50 டாலர், பிறகு 6, பிறகு 9. அன்றைக்கு அது சின்னத் தொகையல்ல. கையில் காசில்லை என்றால் அறுவடைக்குப் பிந்தைய தேதி போட்ட காசோலை போதும். 9 டாலர் கொடுத்தவன் 9 டாலருக்காவது லீக்கோடு நிற்பான் என்பது டவுன்லியின் கணக்கு, அது பலித்தது. 1915 செப்டம்பரில் ஃபார்கோவிலிருந்து லீக்கின் சொந்தப் பத்திரிகை வந்தது. அதில் ஜான் பேர் வரைந்த கேலிச்சித்திரங்களில் தொப்பை பெருத்த தானிய வியாபாரியும் ஒட்டிய கன்னத்து விவசாயியும் வாரந்தோறும் மோதினர். பேர் 1917 இடைத்தேர்தலில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கே உறுப்பினரானார்.

1916 ஜூனில் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் நடந்தது. ஆளுநர் பதவிக்கு லீக் நிறுத்தியவர் ஹூப்பிள் ஊர் விவசாயி லின் ஃப்ரேசியர். பல்கலைக்கழகத்தில் படித்தவர், அரசியலுக்கு முற்றிலும் புதியவர். உட்கட்சித் தேர்தலில் வென்றார். நவம்பர் பொதுத் தேர்தலில் 79 விழுக்காடு வாக்குகள் அவருக்கு விழுந்தன. மாநிலப் பதவிகளுக்கு லீக் ஆதரித்தவர்களில் தோற்றவர் ஒருவர்தான்: பொருளாளர் பதவிக்கு ஜனநாயகக் கட்சிப் பெயரில் நின்றவர். அதே நாளில் அதே வாக்காளர்கள் குடியரசுத் தலைவர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சனைத் தேர்ந்தெடுத்தனர். நாட்டை எந்தக் கட்சி ஆள்வது என்பது வேறு கணக்கு, மாநிலத்தை யார் ஆள்வது என்பது வேறு கணக்கு என்று அவர்கள் பிரித்துப் பார்த்ததையே இது காட்டுகிறது.

ஆட்சி

1917இல் மேலவை லீக்கின் கையில் இல்லாததால் பெரிய திட்டங்கள் நிறைவேறவில்லை. 1918 தேர்தலில் இரு அவைகளும் கிடைத்தன. 1919இல் சட்டங்கள் சரசரவென்று வந்தன. வட டகோட்டா வங்கி 20 லட்சம் டாலர் மூலதனத்தோடு அந்த ஜூலையில் திறந்தது. கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் மாவு ஆலையும் கிடங்கும், ஆலங்கட்டி மழைக் காப்பீடு, வீடு கட்டும் சங்கம், படிப்படியாக உயரும் வருமான வரி ஆகியவை அடுத்தடுத்து அமைந்தன. ஆளுநர், மாநில அட்டர்னி ஜெனரல், வேளாண் ஆணையர் மூவரும் அடங்கிய தொழில் ஆணையம் இவற்றை நடத்தியது. அரசு வியாபாரத்தில் இறங்கலாமா என்ற வழக்கில், இறங்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1920இல் தீர்ப்பளித்தது.

லீக்கை வீழ்த்தியது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த நெருக்கடி. முதல் உலகப்போரை எதிர்த்தவர்கள், ஜெர்மனிக்கு வேண்டியவர்கள் என்ற பழி அதன்மேல் விழுந்தது. மினசோட்டாவில் பல மாவட்டங்களில் லீக் கூட்டங்களுக்குத் தடை விதித்தனர். ஊழியர்களைத் தார் பூசி அடித்து விரட்டினர். டவுன்லி தண்டிக்கப்பட்டு 90 நாள் சிறையிருந்தார். வட டகோட்டா அரசின் கடன் பத்திரங்களை வாங்கக் கிழக்கத்திய நிதி நிறுவனங்கள் முன்வரவில்லை. கோதுமை விலையும் போருக்குப் பின் பாதியாகச் சரிந்தது. உள்ளே, அட்டர்னி ஜெனரலாக இருந்த வில்லியம் லேங்கர் எதிரணிக்குத் தாவினார். வங்கிக் கணக்கு வழக்கில் குளறுபடி என்று எதிர்ப்பாளர்கள் சொன்னதில் உண்மை கொஞ்சம் இருந்தது. இளம் நிறுவனம், பழக்கமில்லாத கைகள்.

1921 அக்டோபர் 28 அன்று நடந்த திரும்ப அழைக்கும் தேர்தலில், தொழில் ஆணையத்தின் அப்போதைய உறுப்பினர்களான ஃப்ரேசியர், வில்லியம் லெம்கி, ஜான் ஹேகன் மூவரும் பதவியிழந்தனர். அமெரிக்காவில் இப்படி நீக்கப்பட்ட முதல் ஆளுநர் ஃப்ரேசியர்; அடுத்தவர் 2003இல் கலிஃபோர்னியாவின் கிரே டேவிஸ். வேடிக்கை என்னவென்றால், அதே வாக்குச்சீட்டில் வங்கியைக் கலைக்கும் யோசனையும் இருந்தது. ஆட்களை அனுப்பிவிட்ட வாக்காளர்கள் வங்கியை வைத்துக்கொண்டார்கள். மாவு ஆலை லீக்கின் எதிரிகளின் ஆட்சியில்தான் 1922இல் ஓடத் தொடங்கியது. நீக்கப்பட்ட ஃப்ரேசியரையோ, அடுத்த ஆண்டே அமெரிக்க செனட்டுக்கு அனுப்பினர். அதுவும் குடியரசுக் கட்சிப் பெயரில்.

பிற மாநிலங்களில்

லீக் 13 மாநிலங்களில் கிளை பரப்பியது. மினசோட்டாவில் சார்லஸ் லிண்ட்பெர்க் (விமானியின் தந்தை) 1918இல் குடியரசுக் கட்சி உட்கட்சித் தேர்தலில் தோற்றபின், ஆதரவாளர்கள் தனிக்கட்சி வழியை நாடினர். அதுவே விவசாயி–தொழிலாளர் கட்சியாகி, 1944இல் ஜனநாயகக் கட்சியோடு இணைந்தது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1917இல் லீக் சார்பில் லூயீஸ் மெக்கின்னி சட்டமன்ற உறுப்பினரானார். பிரிட்டிஷ் பேரரசில் சட்டமன்றம் புகுந்த முதல் பெண்களில் அவர் ஒருவர்.

லேங்கரும் கட்சி மாற்றமும்

எதிரணிக்குத் தாவிய லேங்கரே பின்னர் லீக்கின் மிச்சத்தைக் கைப்பற்றி 1933இல் ஆளுநரானார். பண்ணைகளின் ஜப்தி ஏலத்துக்குத் தடை போட்டார். கோதுமை விலை ஏறும்வரை மாநிலத்தைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது என்று ஆணையிட்டார். அரசு ஊழியர்களிடம் நன்கொடை வசூலித்த வழக்கில் 1934இல் பதவி பறிபோயிற்று. மறுவிசாரணையில் விடுதலையாகி, 1936இல் சுயேச்சையாக நின்று மீண்டும் ஆளுநரானார். 1941 முதல் 1959இல் இறக்கும்வரை செனட்டர்.

குடியரசுக் கட்சிக்குள் லீக் அணி, எதிரணி என்று இரண்டு கட்சிகள் நாற்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்தின. பெரும்பாலும் உண்மையான தேர்தல் ஜூனில் முடிந்துவிடும், நவம்பர் வெறும் சடங்கு. மாநிலம் 1951இல் வாக்காளர் பதிவையே ஒழித்துவிட்டது. இன்றும் பதிவு இல்லாத ஒரே அமெரிக்க மாநிலம் அதுதான். யார் எந்தக் கட்சி என்பதற்கு அரசிடம் ஏடே கிடையாது.

1956இல் லீக் ஜனநாயகக் கட்சியின் பக்கம் மாறியது. இணைந்த அமைப்பின் பெயரில் லீக்கின் எழுத்துகள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாற்றத்தை ஒரு குடும்பத்திலேயே காணலாம். லீக்கின் ஆளாக அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 20 ஆண்டுகள் இருந்த அஷர் பர்டிக் குடியரசுக் கட்சிக்காரர். 1958இல் அவர் ஒதுங்கிக்கொள்ள, மகன் குவென்டின் பர்டிக் அதே இடத்துக்கு நின்றார். வட டகோட்டாவிலிருந்து அச்சபைக்குச் சென்ற முதல் ஜனநாயகக் கட்சிக்காரர் அவரே. தகப்பனும் மகனும் கொள்கையில் அதிகம் வேறுபடவில்லை. வாக்குச்சீட்டில் பெயர் இருந்த பத்திதான் வேறு.

லீக் ஊழியர்களின் வாழ்க்கையை வைத்து 1978இல் எடுக்கப்பட்ட ‘நார்தர்ன் லைட்ஸ்’ என்ற திரைப்படம் கான் விழாவில் முதற்படத்துக்கான பரிசு பெற்றது.

இன்றைய நிலை

2010 வரை மாநிலத்தின் இரு செனட்டர்களும் ஒரே பிரதிநிதியும் ஜனநாயகக் கட்சியினர். 2018இல் அக்கட்சியின் செனட்டர் ஹைடி ஹைட்கேம்ப் தோற்றபின் மாநில அளவில் அக்கட்சிக்குப் பதவி எதுவும் இல்லை. 2024இல் டொனால்ட் டிரம்ப் பெற்றது சுமார் 67 விழுக்காடு. ஆனாலும் கம்பெனிகள் பண்ணை நடத்துவதற்கான தடையைச் சட்டமன்றம் தளர்த்தியபோது, 2016இல் வாக்காளர்களில் நான்கில் மூன்று பங்கினர் அதை நிராகரித்தனர். வங்கியும் மாவு ஆலையும் அரசின் கையிலேயே உள்ளன. அவற்றை நடத்தும் தொழில் ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களும் குடியரசுக் கட்சியினர்.