எதிரெதிர் வீடுகள்: கொங்கு நாட்டில் குடும்ப ஆற்றுப்படுத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. புக்கொளியூர்த் தெரு

திருப்புக்கொளியூர் என்னும் பழம்பெயருடைய அவிநாசிக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் வந்த வரலாற்றைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் எழுதினார். கொங்கு நாட்டில் அதை அறியாதார் இலர். அந்தணர் தெரு ஒன்றின் வழியே சுந்தரர் வருகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை ஒலி. காரணம் என்னவென்று வினவுகிறார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் முன்பு குளத்தில் நீராடச் சென்றனர், ஒருவனை முதலை விழுங்கிற்று, மற்றவன் பிழைத்தான். பிழைத்தவனுக்கு இன்று பூணூல் அணிவிக்கின்றனர். தம் மகன் இருந்திருந்தால் அவனுக்கும் இந்நாள் வந்திருக்குமே என்று இழந்தவர் அழுகின்றனர்.

இதற்குள் நாயனார் வந்திருக்கும் செய்தி அவ்வீட்டை எட்டுகிறது. பெற்றோர் அழுகையை அடக்கி, முகமலர்ச்சியோடு வந்து வணங்குகின்றனர். மகனை இழந்தவர் யாவர் என்று அவர் கேட்டபொழுது, "அடியேங்கள்தாம், அது முன்னரே கழிந்தது, உம்மைக் காணும் பேறு இன்று கிட்டியது" என்னும் கருத்துப்பட விடையிறுக்கின்றனர். அதன் பின்னரே சுந்தரர் குளக்கரைக்குச் செல்கிறார், பதிகம் பாடுகிறார், பிள்ளை மீள்கிறான்.

பிள்ளை மீண்ட அற்புதத்தைச் சைவ அன்பர் போற்றுவர். கிறிஸ்தவ மேய்ப்புப்பணியைக் கற்கும் நாம் அதற்கு முன் நிகழ்ந்தவற்றையும் கூர்ந்து நோக்குதல் தகும். துயரம் அப்பொழுதே தோன்றியதன்று. ஆண்டுகள் கடந்தபின் எதிர் வீட்டுச் சடங்கினால் கிளர்ந்தெழுந்தது. விருந்தினர் முன் அது புன்னகைக்குள் ஒளிந்துகொண்டது. கேட்கத் தெரிந்த ஒருவர் தெருவில் நின்று கேட்டதனால் மட்டுமே அது வெளிப்பட்டது. இன்றைக்கும் கொங்கு நாட்டுக் குடும்பங்களில் உளத்துயர் இவ்வாறே உறைகின்றது. ஒத்த வயதினருக்குச் சீரும் திருமணமும் நடக்கும் வேளையில் அது புண்ணாகிறது. ஆயர் வீட்டுக்கு வந்தால் "வாங்க, உட்காருங்க" என்னும் உபசரிப்புக்குப் பின்னால் மறைகிறது.

2. சொல்லும் அதன் பொருளும்

ஆங்கிலேயர் 'கவுன்சலிங்' என்று கூறும் பணிக்கு நம் இறையியல் வட்டாரங்களில் 'ஆற்றுப்படுத்தல்' என்னும் சொல் வழங்குகிறது. ஆறு என்பது வழி; ஆற்றுதல் என்பது துயர் தணித்தல். பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் உள்ளன. வள்ளலிடம் பரிசு பெற்று மீளும் பாணனோ கூத்தனோ பொருநனோ, வறுமையோடு எதிர்வரும் தன்னையொத்தவனுக்கு வழி கூறுவதே அவற்றின் அமைப்பு. வழி கூறுபவன் மேலிடத்தில் அமர்ந்திருப்பவன் அல்லன், அவ்வறுமையை அறிந்தவன், அவ்வழியில் நடந்தவன். எதிர்வருபவனும் தனியனாக வருவதில்லை. பசித்த சுற்றத்தோடு வருகிறான். இவ்விரண்டும் நம் ஆய்வுக்கு அடிப்படையானவை.

மேலைநாட்டு மேய்ப்புப்பணிப் பயிற்சியின் தொடக்கத்திலும் இவற்றுள் முதலாவதைக் காணலாம். அமெரிக்க ஆயர் ஆண்டன் பாய்சன் 1920இல் தாமே கடும் மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் வைக்கப்பட்டவர். நலமடைந்தபின் 1925இல் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் இறையியல் மாணவரை நோயாளரிடம் அழைத்துச் சென்று பயிற்றுவித்தார். நூலைப் படிப்பது போல மனிதரையும் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் அம்முறை பிற்காலத்தில் நம் நாட்டுக்கு வந்தபொழுது, மூடிய அறையில் ஒருவரோடு ஒருவர் பேசும் ஏற்பாடாகவே பெரும்பாலும் வந்து சேர்ந்தது. சுற்றம் வெளியே நின்றது.

3. மதிலும் வீடும்

மதராசில் 1794இல் மனநோயாளர்க்கென ஒரு காப்பகம் தோன்றியது. அதன் வழித்தோன்றலே 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த மருத்துவமனை. அக்காலக் காப்பகங்களின் நோக்கம் நோயாளியைச் சமூகத்தினின்று பிரித்து மதிலுக்குள் வைப்பதாகும். உறவினர் வாயிலோடு திரும்பினர். பலர் மீண்டும் வரவேயில்லை.

இப்போக்கினை மாற்றிய முயற்சிகளுள் ஒன்று தமிழ்நாட்டுத் திருச்சபைகளுக்கு மிக அணுக்கமானது. கனடாவிலிருந்து வந்த மருத்துவ ஊழியர் டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அவர்களின் முயற்சியால், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியது. அங்குச் சேரும் ஒவ்வொரு நோயாளியோடும் குடும்பத்தார் ஒருவரேனும் உடன் தங்க வேண்டும் என்பது விதி. நோயின் தன்மையை உறவினருக்கு விளக்குதல், வீடு திரும்பியபின் எவ்வாறு நடத்த வேண்டும் என்று கற்பித்தல் ஆகியவை சிகிச்சையின் பகுதிகளாயின. ஏறத்தாழ அதே காலத்தில் அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளரின் குடும்பத்தாரைத் தங்கச் செய்தார்.

வேலூர் மருத்துவர்களான கோல்மேயர், பெர்னாண்டஸ் ஆகியோர் 1963இல் அமெரிக்க உளமருத்துவ இதழில் இக்குடும்ப முறையை விவரித்தனர். டாக்டர் ஆபிரகாம் வர்கீஸ் 1988இல் இதனை 'வேலூர்ப் பரிசோதனை' என்றே பெயரிட்டு எழுதினார். பயிற்சி பெற்ற செவிலியர் போதாமை இம்முறையை வேண்டியதாக்கிற்று என்பது உண்மையே. ஆயினும் வறுமையால் தோன்றிய ஏற்பாடாக மட்டும் இதனைக் கருதுதல் பிழையாகும். தாயும் தமையனும் அருகில் இருப்பதே நோயாளியின் அச்சத்தைத் தணிக்கும். மருத்துவரும் குடும்ப உறவின் சிக்கலைக் கண்ணெதிரே காண்பார். நோயாளி கைவிடப்பட்டவராக மாட்டார். மேலைநாட்டு முறையின் குறைவுபட்ட படியாக அன்றி, நம் மண்ணுக்கேற்ற நிறைவான முறையாகவே இது நிலைபெற்றது.

4. கொங்கு நாட்டுக் குடும்பம்

லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் 1830இல் கோயம்புத்தூரில் பணி தொடங்கினார். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது; 1950இல் கோயம்புத்தூர்ப் பேராயம் அமைந்தபொழுது அதன் முதற் பேராயராக ஏ. ஜே. அப்பாசாமி பொறுப்பேற்று 1959 வரை பணியாற்றினார். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இலேயே நூல் எழுதியவர் அவர். இந்நாட்டார் இறைவனை அணுகிய மொழியை அறியாமல் இந்நாட்டாருக்கு இறையியல் உரைத்தல் இயலாது என்பது அவர் வாழ்நாட் கொள்கை. அக்கொள்கை வழிபாட்டுக்கு எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவு மேய்ப்புப்பணிக்கும் பொருந்தும். இம்மக்கள் தம் துயரை எம்மொழியில் கூறுகின்றனர் என்பதை அறியாதவர் அவர்களை ஆற்றுப்படுத்த இயலாது.

'மனச்சோர்வு' என்று கூறி வருவோர் சிலரே. நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, தூக்கம் பிடிக்கவில்லை, காற்றுக் கறுப்பு அடித்துவிட்டது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றே வருவர். பூவாக்குக் கேட்டும், மந்திரித்துக் கயிறு கட்டியும் வந்திருப்பர். தரங்கம்பாடிப் பேராயராயிருந்த கார்ல் குஸ்தாவ் டீல் 1965இல் வெளியிட்ட நூலில், இத்தகைய வழக்கங்கள் தென்னிந்தியக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் கலந்து நிற்பதை ஆராய்ந்து காட்டினார். இவற்றைக் கேட்டவுடன் 'மூடநம்பிக்கை' என்று கடிந்துகொள்ளும் ஆயரிடம் மக்கள் மறுமுறை உண்மை பேசமாட்டார்கள். செய்வினை என்று குற்றம் சாட்டப்படுபவர் பெரும்பாலும் பங்காளியோ, மருமகளோ, அண்டை வீட்டாரோ ஆவர். ஆதலால் அச்சொல் குடும்பத்தில் எங்கே உறவு முறிந்துள்ளது என்பதைக் காட்டும் சுட்டுவிரலுமாகும்.

கனடிய ஆய்வாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கயம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, 1972இல் கொங்குக் குடியானவர் சமூகத்தைப் பற்றிய நூலை வெளியிட்டார். குலமும் குலதெய்வமும் காணியும் தாய்மாமன் முறையும் இங்கு ஒருவருடைய இருப்பையே வரையறுப்பதை அந்நூலில் காணலாம். இங்கு 'நான்' என்பது அப்பாரு, அப்பிச்சி, மாமன், மைத்துனர் ஆகியோரோடு சேர்ந்த 'நாங்கள்' என்பதன் ஒரு பகுதியே. அவர்களை அறையின் வெளியே நிறுத்திவிட்டு ஒருவரைக் குணமாக்குதல் அரிது.

5. கோயிலும் சங்கிலியும்

திண்டுக்கல் மாவட்டத்து வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில் உள்ளது. அங்கு வந்து தங்கிய 31 மனநோயாளரைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்து, 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். சராசரியாக ஆறு வாரம் அவர்கள் அங்குத் தங்கினர். நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தன. தனிப்பட்ட சடங்கு எதுவும் அங்கு நிகழ்த்தப்படவில்லை. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே நன்மை செய்தது என்று ஆய்வாளர் கருதினர்.

இதனைக் கூறுங்கால் மறுபக்கத்தை மறைத்தல் ஆகாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். அவர்களைப் பகைவர் அங்குக் கொண்டுவந்து விடவில்லை. உற்றாரே விட்டுச் சென்றனர். இதன் பின்னரே நாட்டின் மனச்சான்று விழித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுதலைத் தடை செய்கிறது. நோயாளியைப் பற்றிய செய்திகளின் மறைவைக் காக்கவும் பணிக்கிறது.

கிறிஸ்தவர் இதனைப் பிற சமயத்தாரின் குறையாக எண்ணி அமைதி கொள்ளலாகாது. மருந்தை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்று போதிக்கும் ஜெபக் கூட்டங்களும், பேயோட்டுவதாகக் கூறி நோயாளியை அடிக்கும் கொடுமையும் நம்மிடையிலும் உண்டு. இரும்பினால் ஆகாத சங்கிலிகளும் உண்டு.

6. குடும்பத்தின் நிழல்

குடும்பமே மருந்து என்று கூறினோம். குடும்பமே நோயாதலையும் கூறியாக வேண்டும். மகளின் நோய் வெளியே தெரிந்தால் தங்கையின் திருமணம் தடைப்படும் என்று மறைப்பவரும், திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்து மணமுடிப்பவரும் பெற்றோரே. மாற்றுச் சாதியாரை விரும்பிய பிள்ளைக்குப் 'பித்துப் பிடித்துவிட்டது' என்று பெயரிட்டு அழைத்து வருபவரும் அவர்களே. பெண்ணின் அழுகைக்குக் கணவனின் குடியும் அடியுமே காரணமாயிருக்க, கணவனையும் மாமியாரையும் அருகில் அமர்த்தி அவளைப் பேசச் சொல்லுதல் ஆற்றுப்படுத்தல் ஆகாது. அவளை இரண்டாம் முறை வாய்கட்டுதலாகும்.

ஆதலின் குடும்பத்தை அழைத்தல் வேறு, குடும்பத்திற்கு ஒப்புக்கொடுத்தல் வேறு. முதலில் நோயுற்றவர் தனிமையில் கேட்கப்பட வேண்டும். யாரை அழைக்கலாம், எதனைக் கூறலாம் என்பதை அவரே தெரிவு செய்ய வேண்டும். அவர் நம்பும் அத்தையோ பாட்டியோ தோழியோ குடும்பத்தின் வாயிலாகலாம். குடும்பத் தலைவரே எப்பொழுதும் வாயிலாக வேண்டுவதில்லை.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வலிப்பு நோயுற்ற மகனைத் தந்தை கொண்டுவருகிறார். சீடரும் வேதபாரகரும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர். இயேசுவோ, இது இவனுக்கு வந்து எவ்வளவு காலமாயிற்று என்று தந்தையைக் கேட்கிறார். சிறு வயது முதல் என்று தொடங்கித் தந்தை தம் நெடிய துயரத்தைக் கூறுகிறார். தம் அவிசுவாசத்தையும் அறிக்கையிடுகிறார். மகனின் நலத்திற்கு முன் தந்தையின் கதை கேட்கப்படுகிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் அமர்ந்திருந்த வரையில் நல்ல ஆற்றுநராயிருந்தனர்; வாய்திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியபொழுதே தவறினர்.

7. திருச்சபையின் கடமை

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு வாழ்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் சிகிச்சை பெறவில்லை. நூறு பேர் கூடும் ஆராதனையில் ஏறத்தாழப் பத்துப் பேர் என்று கொண்டால், இஃது எந்த ஆயருக்கும் அயலான செய்தியன்று. விசைத்தறியும் பனியன் தொழிலும் நிறைந்து, வெளியூராரும் வெளிமாநிலத்தாரும் குடியேறி வாழும் அவிநாசி, திருப்பூர்ப் பகுதியில் சுற்றத்தை ஊரில் விட்டுவந்தவர் பலர். அவர்களுக்குச் சபையே சுற்றமாக வேண்டியுள்ளது.

எனவே நாம் மூன்றினை வேண்டுகிறோம். இறையியல் கல்லூரிகள் மாணவரை மனநல மருத்துவமனைகளுக்கு அனுப்பி, மருத்துவரிடம் எப்பொழுது ஒப்படைக்க வேண்டும் என்பதைக் கற்பிக்க வேண்டும். சபைகள் மருந்தையும் மன்றாட்டையும் எதிரெதிர் நிறுத்தாதிருக்க வேண்டும். குஜராத்தில் மீரா தாத்தார் தர்காவில் 2008இல் தொடங்கி, பின்னர் ஏர்வாடியிலும் மருத்துவமும் பிரார்த்தனையும் கைகோத்த திட்டம் நமக்கும் பாடமாகும். ஆயர்கள் கேட்ட மறைபொருளைச் செய்திக் குறிப்பாகவோ ஜெபக் குறிப்பாகவோ வெளியிடாமல் காக்க வேண்டும்.

அவிநாசித் தெருவில் இன்றும் எதிரெதிர் வீடுகள் உள்ளன. மங்கல ஒலி கேட்கும் வீட்டுக்கு அழைப்பிதழோடு செல்ல நாம் பழகியிருக்கிறோம். அழைப்பிதழ் இல்லாத எதிர் வீட்டின் வாசலில் நின்று, காரணம் என்னவென்று கேட்பதற்கும் நாம் அனுப்பப்பட்டவர்கள் என்பதை மறவாதிருப்போமாக.