மின்னஞ்சல் நிரல்கள் மறையாக்க இணைப்புக்கு மாறிய வரலாறு

தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மின்னஞ்சல் நிரல்களில் கணக்கு ஒன்றைச் சேர்க்கும்போது 993, 995, 465, 587 என்று சில எண்களும் 'இணைப்புப் பாதுகாப்பு' என்ற ஒரு தெரிவும் தோன்றும். சேவை நிறுவனம் சொன்னதை அப்படியே நிரப்பிவிட்டுப் பெரும்பாலோர் அடுத்த வேலைக்குப் போய்விடுவர. இந்த எண்கள் எப்படி வந்தன, எது சரியான எண் என்பதில் வல்லுநர்களே இருபது ஆண்டுகள் முரண்பட்டது ஏன் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறந்த அஞ்சலட்டை

மின்னஞ்சலை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஆர்.எப்.சி. 821 என்னும் ஆவணமாக வெளியிட்டார். அதில் மறையாக்கம் கிடையாது. அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடும் கிடையாது. அன்றைய இணையம் சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் அரசு அலுவலகங்களும் கூடிய சிறிய ஊர்; எல்லாரும் தெரிந்தவர்கள் வாழும் தெருவில் யாரும் கதவைத் தாழிடுவதில்லை.

அஞ்சலைத் தன் கணினிக்கு இறக்கிக்கொள்ள உதவும் பாப் நெறிமுறையின் நிலை இன்னும் மோசம். நிரல் முதலில் 'யூசர்' என்ற கட்டளையுடன் பயனர் பெயரையும், அடுத்து 'பாஸ்' என்ற கட்டளையுடன் கடவுச்சொல்லையும் அனுப்பும். இரண்டும் அப்படியே படிக்கக்கூடிய எழுத்துகளாகவே கம்பியில் செல்லும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்க்கும்படி அமைத்துவிட்டால், ஒரே நாளில் கடவுச்சொல் 144 முறை வெளிப்படையாகப் பயணம் செய்யும். மின்னஞ்சலை அஞ்சலட்டைக்கு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் அஞ்சலட்டையில் யாரும் வீட்டுச் சாவியைச் சேர்த்து அனுப்புவதில்லை.

ஆபத்து விரைவில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கிய செர்ட் ஒருங்கிணைப்பு மையம் 1994 பிப்ரவரியில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஊடுருவியவர்கள் வலையமைப்பில் ஒட்டுக்கேட்கும் நிரல்களை நிறுவி, பல்லாயிரம் கணினிகளுக்கான கடவுச்சொற்களைத் திரட்டிவிட்டார்கள் என்பது அதன் சாரம்.

இரண்டு வழிகள்

நெட்ஸ்கேப் நிறுவனம் 1995-இல் எஸ்.எஸ்.எல். என்ற மறையாக்க முறையை வெளியிட்டது. இணைய வணிகத்துக்காக உருவான அதை மின்னஞ்சலுக்கும் பொருத்த முயன்றபோது இரண்டு வழிகள் தென்பட்டன.

முதல் வழி, மறையாக்க இணைப்புக்கென்றே தனிப் போர்ட் எண்களை ஒதுக்குவது. ஐமேப் நெறிமுறைக்கு 143-க்குப் பதில் 993, பாப் நெறிமுறைக்கு 110-க்குப் பதில் 995, அனுப்புவதற்கு 465 என எண்கள் வந்தன. இங்கே முதல் எழுத்து பேசப்படும் முன்பே கதவு சாத்தப்பட்டுவிடும்.

இரண்டாம் வழி, 1999-இல் தரப்படுத்தப்பட்ட ஸ்டார்ட் டி.எல்.எஸ். (எஸ்.எஸ்.எல். முறையின் வாரிசுக்கு அதே ஆண்டு டி.எல்.எஸ். என்ற பெயர் ஏற்பட்டது.) இதில் பழைய எண்ணிலேயே வெளிப்படையாகப் பேச்சு தொடங்கும். 'எனக்கு மறையாக்கம் தெரியும்' என்று வழங்கி அறிவிக்கும். 'சரி, தொடங்கலாம்' என்று நிரல் சொன்ன பிறகே கதவு சாத்தப்படும்.

ஒவ்வொரு சேவைக்கும் இரண்டு எண்களை ஒதுக்குவது வீண் என்பது அன்றைய தரக்குழுவினரின் எண்ணம். ஐமேப், பாப் ஆகியவற்றுக்கான ஸ்டார்ட் டி.எல்.எஸ். ஆவணத்தை 1999 ஜூனில் எழுதிய கிறிஸ் நியூமன், தனிப் போர்ட் வேண்டாம் என்பதற்கான காரணங்களையும் அதிலேயே அடுக்கினார். அதற்கு முன்பே 465-இன் பதிவு விலக்கப்பட்டு, அந்த எண் பின்னர் வேறொரு பயனுக்குத் தரப்பட்டது. ஆயினும் பல நிறுவனங்கள் அதைக் கைவிடவில்லை.

ஸ்டார்ட் டி.எல்.எஸ். முறையில் ஒரு பலவீனம் இருந்தது. வழங்கியின் அறிவிப்பு வெளிப்படையாக வருவதால், நடுவில் இருப்பவர் அந்த ஒரு வரியை நீக்கிவிட முடியும். தண்டர்பேர்டின் பழைய பதிப்புகளில் 'இருந்தால் டி.எல்.எஸ்.' என்றொரு தெரிவு இருந்தது. அதைத் தேர்ந்தவரின் நிரல், அறிவிப்பு வராவிட்டால் மறுபேச்சின்றி கடவுச்சொல்லை வெளிப்படையாகவே அனுப்பிவிடும். பயனருக்கு எதுவும் தெரியாது. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அமெரிக்காவிலும் தாய்லாந்திலும் சில இணையச் சேவை நிறுவனங்கள் அந்த வரியை நீக்குவது தெரியவந்திருப்பதாக ஈ.எஃப்.எஃப். அமைப்பு 2014-இல் சுட்டிக்காட்டியது.

ஜெர்மனி, 2013–2014

தரம் வகுப்பது வேறு, மக்கள் மாறுவது வேறு. தரங்கள் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆன பின்பும் பல நாடுகளில் மறையாக்கமற்ற இணைப்புகள் ஏற்கப்பட்டே வந்தன. 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அமெரிக்க உளவு நிறுவனத்தின் இணையக் கண்காணிப்பை வெளிச்சமிட்டன. கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத்துறை கடிதங்களைப் பிரித்துப் படித்த காலத்தை மறக்காத ஜெர்மனியில் கொந்தளிப்பு அதிகமாக இருந்தது.

அந்த ஆகஸ்டில் டாய்ச்ச டெலிகாம் நிறுவனமும், ஜி.எம்.எக்ஸ்., வெப்.டி.இ. சேவைகளை நடத்தும் யுனைட்டட் இன்டர்நெட் நிறுவனமும் 'இ-மெயில் மேட் இன் ஜெர்மனி' என்ற கூட்டு முயற்சியை அறிவித்தன. தங்கள் வழங்கிகளுக்கிடையே அஞ்சல்கள் இனி மறையாக்கத்துடன் செல்லும் என்றன. கூடவே, 2014 முதல் மறையாக்கமற்ற இணைப்புகளை அடியோடு மறுக்கப்போவதாகவும் தெரிவித்தன. உலாவியிலோ நிறுவனத்தின் செயலியிலோ அஞ்சல் பார்த்தவர்களுக்கு வேலை இல்லை. சொந்தக் கணினியில் நிரல் வைத்திருந்தவர்களோ தெரிவுப் பக்கத்தைத் திறந்து எண்களை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் அந்நாளுக்குப் பின் அவர்களின் நிரலுக்கு அஞ்சல் வராது, போகாது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ அமைத்துக் கொடுத்த கணக்கை அதன்பின் தொட்டறியாதவருக்கு இது சிறிய வேலை அல்ல.

பாராட்டைப் போலவே கண்டனமும் எழுந்தது. 2013 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் மாநாட்டில் லினஸ் நோய்மன் இம்முயற்சியைக் கடுமையாகச் சாடினார். அவர் உரைக்கு இட்ட தலைப்பை மொழிபெயர்க்காமல் விடுவதே நாகரிகம். 1999-இன் தரத்தை இத்தனை தாமதமாக நிறைவேற்றிவிட்டு அதைப் புதுமை என்று விளம்பரப்படுத்துகிறார்கள் என்பது ஒரு குறை. வழியில்தான் மறைப்பு, வழங்கியில் அஞ்சல் படிக்கக்கூடிய வடிவிலேயே கிடக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமானவை. அனுப்புநர் முதல் பெறுநர் வரை முழுதும் மறைக்க 1991-இல் பில் சிம்மர்மன் உருவாக்கிய பி.ஜி.பி. போன்ற முறைகளே உதவும். எனினும் பி.ஜி.பி.யைக் கற்றுப் பயன்படுத்தியவர்கள் சிலர்தான். ஒரு தெரிவைக் கட்டாயமாக்கியதால் இலட்சக்கணக்கானோரின் கடவுச்சொற்கள் காப்பாற்றப்பட்டன என்பதைக் கண்டனக்காரர்கள் போதிய அளவு மதிக்கவில்லை.

மாற்றம் நடந்துகொண்டிருந்த 2014 ஏப்ரலில்தான், டி.எல்.எஸ். முறையைச் செயல்படுத்தும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் ஓட்டை வெளிப்பட்டு, உலகெங்கும் வழங்கிகளை அவசரமாகச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

465 திரும்பியது

2018 ஜனவரியில் ஆர்.எப்.சி. 8314 வெளியானது. மறையாக்கமற்ற மின்னஞ்சல் இணைப்பு காலாவதியாகிவிட்டது என்று தலைப்பிலேயே அறிவித்த அந்த ஆவணம், தொடக்கத்திலேயே கதவு சாத்தும் 993, 995 எண்களையே பரிந்துரைத்தது. விலக்கப்பட்டிருந்த 465-ஐயும் மீட்டது. அதை எழுதிய இருவரில் ஒருவர் கீத் மூர். மற்றவர், 1999-இல் தனிப் போர்ட் வேண்டாம் என்று வாதிட்ட அதே கிறிஸ் நியூமன்.

2021-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஸ்டார்ட் டி.எல்.எஸ். முறையைச் சோதித்து, மின்னஞ்சல் நிரல்களிலும் வழங்கிகளிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட ஓட்டைகளைக் கண்டறிந்தனர். வெளிப்படையான பேச்சிலிருந்து மறைந்த பேச்சுக்கு மாறும் அந்த நொடியில்தான் அவை எழுந்தன. அதே ஆண்டு மார்ச்சில் டி.எல்.எஸ். முறையின் 1.0, 1.1 பதிப்புகளும் கைவிடப்பட்டன. இதனால், நிரலில் 993-உம் 465-உம் சரியாக இருந்தாலும், மிகப் பழைய இயங்குதளம் கொண்ட கணினிகளால் பல சேவைகளுடன் இணைய முடியாது.