வெளிநாட்டுப் பயணத்தில் குழந்தைகளுக்கான பெற்றோர் சம்மதக் கடிதம்

பெற்றோர் சம்மதக் கடிதம் என்பது, 18 வயது நிரம்பாத ஒருவர் தாய், தந்தை இருவரும் உடன் வராமல் நாட்டின் எல்லையைக் கடக்கும்போது, உடன் செல்லாத பெற்றோர் அந்தப் பயணத்துக்கு உடன்படுவதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஆவணம். குழந்தை தாயுடனோ தந்தையுடனோ மட்டும் போகலாம். தாத்தா பாட்டியுடனோ பள்ளிச் சுற்றுலாக் குழுவுடனோ போகலாம். விமான நிறுவனப் பணியாளரின் பொறுப்பில் தனியாகவும் போகலாம். இந்தியாவில் விசா முகவர்களிடம் இதற்கு என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) என்ற பெயரே வழக்கில் உள்ளது. உலகம் முழுவதற்கும் பொதுவான படிவம் எதுவும் இதற்கு இல்லை. ஒரு நாட்டில் கட்டாயச் சட்ட ஆவணமாக இருப்பது, மற்றொரு நாட்டில் அதிகாரி கேட்டால் காட்டுவதற்கான துணைத்தாள் மட்டுமே.

கடிதம் ஏன் கேட்கப்படுகிறது

ஒரு காலத்தில் குழந்தையின் பெயரைப் பெற்றோரின் பாஸ்போர்ட்டிலேயே சேர்த்துவிடும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. குழந்தை யாருடையது என்பதை அந்த ஒரே புத்தகம் சொல்லிவிடும். ஆளுக்கொரு பாஸ்போர்ட் என்ற முறை பரவியபின் (ஐரோப்பிய ஒன்றியத்தில் இது 2012 ஜூன் முதல் முழுமையானது) அந்த இணைப்பு ஆவணத்திலிருந்து மறைந்தது. பிரிட்டன், அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் இருப்பதில்லை. எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு ஒரு பெரியவரும் ஒரு சிறுவரும் தெரிகிறார்கள். அவர்களுக்குள் என்ன உறவு, இந்தப் பயணம் வீட்டில் இருப்பவருக்குத் தெரியுமா என்பது தெரிவதில்லை.

அதிகாரி அஞ்சும் ஆபத்துகள் இரண்டு. ஒன்று, அந்நியர்கள் குழந்தையைக் கடத்துவது. மற்றது, பெற்றோரில் ஒருவரே மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய் அங்கேயே தங்கிவிடுவது. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கடினம். குழந்தை அழுவதில்லை, பயப்படுவதில்லை. தன் தாயுடன் அல்லது தந்தையுடன் விடுமுறைக்குப் போவதாகவே நம்புகிறது. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு, குழந்தைகளை முறைகேடாக நாட்டை விட்டு எடுத்துச் செல்வதையும் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வதையும் தடுக்குமாறு அரசுகளைக் கேட்டுக்கொள்கிறது.

திரும்பும் தேதியின் எடை

சம்மதக் கடிதத்தைப் புறப்படுவதற்கான அனுமதி என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அதைவிடக் கனமான வரி, குழந்தை எப்போது திரும்பி வரும் என்று சொல்லும் வரிதான்.

இதற்குக் காரணம் 1980 அக்டோபர் 25இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உருவான, சர்வதேசக் குழந்தைக் கடத்தலின் உரிமையியல் அம்சங்கள் பற்றிய உடன்படிக்கை. 1983 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த இது 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பொருந்தும். குழந்தையை யார் வளர்ப்பது என்று இது தீர்ப்பதில்லை. வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே குழந்தையை விரைவாகத் திருப்பி அனுப்பி, அந்தக் கேள்வியை அங்குள்ள நீதிமன்றத்திடம் விடுவதே இதன் நோக்கம். முறைகேடாகக் கொண்டுபோவதும், முறையாகக் கொண்டுபோய் முறைகேடாக வைத்துக்கொள்வதும் இதன்கீழ் ஒன்றுபோலவே கருதப்படுகின்றன. இரண்டாவது வகையில், தவறு எந்த நாளில் தொடங்கியது என்பதை நிறுவ வேண்டியிருக்கிறது. அந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால், உடன்படிக்கையில் சொல்லப்பட்ட சில விதிவிலக்குகள் பொருந்தாதபோது, குழந்தையைத் திருப்பி அனுப்ப நீதிமன்றம் ஆணையிட வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால், குழந்தை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிடலாம்.

ஜூலை 3இல் போய் ஆகஸ்ட் 20இல் திரும்புவதாக எழுதிய கடிதம் இருந்தால், ஆகஸ்ட் 21 அன்று நிலைமை தெளிவாகிவிடும். தேதியே இல்லாத கடிதம் எழுதிக் கொடுத்தவருக்கு எதிராகவே திரும்பக்கூடும். உடன்படிக்கையின் 13ஆம் பிரிவின்படி, விட்டுச் செல்லப்பட்ட பெற்றோர் முன்பே சம்மதித்திருந்தார் அல்லது பின்னர் ஏற்றுக்கொண்டார் என்று நிரூபித்தால், திருப்பி அனுப்ப நீதிமன்றம் மறுக்கலாம். ‘என் பிள்ளை வெளிநாடு செல்ல எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்ற ஒற்றை வரி அப்படிப்பட்ட வாதத்துக்கு இடம் கொடுத்துவிடும். முகவர்கள் நீட்டும் தட்டச்சுப் படிவங்கள் பலவற்றில் தேதிக்கு இடமே இருப்பதில்லை. அவற்றில் கையெழுத்திடுவதற்கு முன் திரும்பும் நாளைச் சேர்த்துக்கொள்வது அவசியம்.

கடிதத்தின் உள்ளடக்கம்

குழந்தையின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்; பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் ஆகியவையும் வேண்டும். சம்மதிக்கும் பெற்றோரின் முகவரியும் உடனே எடுக்கக்கூடிய தொலைபேசி எண்ணும் தேவை. ஐயம் வந்தால் அதிகாரி நேரடியாக அழைத்துப் பேசுவது உண்டு. நேர வித்தியாசத்தால் நள்ளிரவில் மணி அடித்தாலும் எடுக்க ஆள் இருக்க வேண்டும். உடன் செல்பவர் யார், எந்த ஊர்களுக்கு, எந்த விலாசத்தில் தங்கப்போகிறார்கள், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பவை அடுத்து வரும். பெற்றோர் அல்லாதவருடன் அனுப்பும்போது, அவசர மருத்துவச் சிகிச்சைக்குச் சம்மதம் தரும் அதிகாரத்தைத் தனிப் பத்தியாக எழுதுவது வழக்கம். அது இல்லாவிட்டால், அறுவைச் சிகிச்சை தேவைப்படும் நேரத்தில் பாட்டியின் கையெழுத்தை மருத்துவமனை ஏற்கத் தயங்கலாம்.

பிறப்புச் சான்றிதழின் நகல், சம்மதிப்பவரின் பாஸ்போர்ட்டில் கையெழுத்துள்ள பக்கத்தின் நகல், மணவிலக்கு ஆகியிருந்தால் நீதிமன்ற ஆணை ஆகியவை இணைக்கப்படும். பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் கடிதத்துக்குப் பதில் இறப்புச் சான்றிதழ் போதும். ஒருவருக்கு மட்டுமே வளர்ப்புரிமை இருந்தால் அதற்கான ஆணை.

நோட்டரி முன் கையெழுத்திடுவது பல நாடுகளில் கட்டாயம் இல்லை என்றாலும் எங்கும் மதிப்புக் கூட்டுவது. நோட்டரி உறுதிசெய்வது கையெழுத்திட்டவர் இன்னார் என்பதை மட்டுமே. உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பதை அல்ல. வெளிநாட்டு அரசு அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருந்தால், ஆவணம் உண்மையானது என்று பிற நாட்டுக்கு உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையும் கேட்கப்படலாம். 1961ஆம் ஆண்டின் அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவில் 2005 முதலும், சிங்கப்பூரில் 2021 முதலும், கனடாவில் 2024 ஜனவரி முதலும் நடைமுறையில் உள்ளது.

நாடுகளின் விதிகள்

கனடாவில் சட்டப்படி இந்தக் கடிதம் கட்டாயம் இல்லை. ஆனாலும் பெற்றோர் இருவரும் உடன் வராத எந்தப் பயணத்துக்கும் குழந்தை இதை எடுத்துச் செல்ல வேண்டும் என்று அரசு வலியுறுத்தி, மாதிரிப் படிவத்தையும் வெளியிட்டிருக்கிறது. காணாமற்போன குழந்தைகளைத் தேடும் பொறுப்பும் உள்ள எல்லை அதிகாரிகள் நாடு திரும்பும்போதும் விவரமாகக் கேட்பார்கள். கோடை விடுமுறையில் ஒருவர் வேலைக்காக டொராண்டோவில் தங்கிவிட, மற்றவர் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துப்போகும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கு இது மிகவும் பொருந்தும். அமெரிக்காவும் கடிதத்தைப் பரிந்துரைக்கும் நாடுதான். அங்கே நாட்டை விட்டுப் புறப்படுபவர்களுக்குப் பாஸ்போர்ட் சோதனைச் சாவடி கிடையாது. அதனால் கட்டுப்பாட்டைப் பாஸ்போர்ட் தரும் இடத்திலேயே வைத்திருக்கிறார்கள்: 16 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோர் இருவரின் ஒப்புதலும் வேண்டும்.

பிரிட்டனில் விதி கடுமையானது. பெற்றோர் பொறுப்பு உள்ள ஒவ்வொருவரின் அனுமதியும் இல்லாமல் 16 வயதுக்கு உட்பட்ட குழந்தையை நாட்டை விட்டு எடுத்துச் செல்வது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். பெற்ற தாய் தந்தைக்கும் இது பொருந்தும். குழந்தை தன்னுடன் வாழ வேண்டும் என்ற நீதிமன்ற ஆணை பெற்றவர் மட்டும் 28 நாட்களுக்குள் திரும்பும் பயணத்துக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. சிங்கப்பூரிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. வளர்ப்புரிமை ஆணை இருக்கும்போது குழந்தையை வெளியே கொண்டுபோகப் பெற்றோர் இருவரின் எழுத்துபூர்வச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். வளர்ப்புரிமை பெற்றவர் ஒரு மாதத்துக்கும் குறைவாக அழைத்துச் செல்வதற்குத் தடை இல்லை.

பிரான்சு 2013 ஜனவரியில் தன் அனுமதிப் படிவத்தைத் தேவையற்றது என்று நீக்கியது. சிரியப் போருக்குச் செல்லும் சிறுவர்களைத் தடுக்க வேண்டிய நிலை வந்தபோது 2017 ஜனவரி 15இல் அதை மீண்டும் கொண்டுவந்தது. பிரேசிலில் நோட்டரி அலுவலகத்தில் உறுதிசெய்த அனுமதி இல்லாமல் பிரேசில் சிறுவர் ஒரு பெற்றோருடன்கூட நாட்டை விட்டுப் புறப்பட முடியாது.

தென்னாப்பிரிக்காவின் அனுபவம் தனித்துப் பார்க்கத் தக்கது. குழந்தைக் கடத்தலைத் தடுப்பதற்காக 2015 ஜூன் முதல் அந்நாடு எல்லா வெளிநாட்டுக் குழந்தைகளிடமும் பெற்றோர் பெயருள்ள முழுப் பிறப்புச் சான்றிதழையும், இருவரும் உடன் வராவிட்டால் சம்மதப் பத்திரத்தையும் கட்டாயமாகக் கேட்டது. தாளில்லாத குடும்பங்கள் புறப்படும் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டன. சுற்றுலாத் துறை கடுமையாக எதிர்த்தது. 2019 நவம்பரில் பெற்றோருடன் வரும் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு இந்த விதி தளர்த்தப்பட்டது. தனியாக வரும் சிறுவர்களுக்கு மட்டும் ஆவணக் கட்டாயம் தொடர்ந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் இரண்டு சம்மதங்கள் அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன. குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் ‘அனெக்சர் டி’ படிவம், ஆவணம் வழங்குவதற்கான ஒப்புதல். ஒருவர் சம்மதிக்காத நிலையில், காரணம் கூறி மற்றவர் மட்டும் விண்ணப்பிக்க ‘அனெக்சர் சி’ உண்டு. 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தத்துக்குப் பின் இவற்றை வெள்ளைத்தாளில் தாமே உறுதியளித்துக் கொடுத்தால் போதும், நோட்டரி வேண்டியதில்லை. இந்தப் படிவங்கள் எந்தப் பயணத்துக்குமான சம்மதம் ஆகா. பயணத்துக்கான கடிதம் பெரும்பாலும் விசா விண்ணப்பத்தின்போதுதான் முதன்முதலில் தேவைப்படுகிறது. ஷெங்கன் விசா விதிகளின்படி சிறுவரின் விண்ணப்பத்தில் பெற்றோர் அதிகாரமோ சட்டப்படியான காப்பாளர் பொறுப்போ உள்ளவர் கையெழுத்திட வேண்டும்.

யாருடைய சம்மதம் வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் நெடுங்காலம் தந்தையின் பக்கம் சாய்ந்தே பதில் சொன்னது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் தந்தை என்றும் அவருக்குப் பின் தாய் என்றும் கூறுகிறது. கோயம்புத்தூரில் பிறந்த நாவலாசிரியர் கீதா ஹரிஹரன் தொடர்ந்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், தந்தை உயிருடன் இருக்கும்போதும் பொறுப்பில் இல்லாதிருந்தால் தாயே காப்பாளராகச் செயல்படலாம் என்று விளக்கியது. நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட காப்பாளருக்கு 1890ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் கட்டுப்பாடு விதிக்கிறது. சட்டம் வகுத்த சில நோக்கங்களைத் தவிர, அந்த நீதிமன்றத்தின் அனுமதியின்றி அதன் எல்லைக்கு வெளியே குழந்தையைக் கொண்டுபோக அவருக்கு உரிமை இல்லை.

இந்தியா ஹேக் உடன்படிக்கையில் சேரவில்லை. சட்ட ஆணையம் 2009இல் தன் 218ஆம் அறிக்கையில் சேருமாறு பரிந்துரைத்தது. 2016இல் மசோதா ஒன்றின் வரைவும் வந்தது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பித் தாய்வீட்டுக்கு வரும் பெண்களை அது கட்டாயமாகத் திருப்பி அனுப்பிவிடும் என்ற கவலை எதிர்ப்பின் மையமாக இருந்தது. அந்தக் கவலைக்கு நியாயம் உண்டு. இலங்கை 2001இல் உடன்படிக்கையில் சேர்ந்து தனிச் சட்டமும் இயற்றியது. எனவே யாழ்ப்பாணப் பயணமும் சென்னைப் பயணமும் வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு ஒன்றல்ல. உடன்படிக்கைக்கு வெளியே நிற்கும் இந்தியாவில் இத்தகைய வழக்குகளுக்கு நீதிமன்றங்களே வழி வகுத்தன. இங்கிலாந்தில் வாழ்ந்த தம்பதியின் இரு மகள்கள் கோயம்புத்தூருக்கு வந்து தங்கிவிட்ட வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம் முதலில் ஆணையிட்ட ஆங்கில நீதிமன்றத்துக்கு முதன்மை தந்து அவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னது. 2017இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த அணுகுமுறையை ஏற்க மறுத்து, வெளிநாட்டு ஆணை ஒரு காரணி மட்டுமே, குழந்தையின் நலனே முதன்மை என்று தீர்ப்பளித்தது.

தமிழ்ப் பெயர்களும் எல்லைச் சோதனையும்

குடும்பப்பெயர் இல்லாத தமிழ் மரபில் கடிதத்துக்குக் கூடுதல் பயன் இருக்கிறது. குழந்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் தந்தையின் பெயர் நிற்கும். தாயின் பாஸ்போர்ட்டில் அவருடைய தந்தையின் பெயரோ கணவரின் பெயரோ நிற்கும். தன் தந்தை பெயரையே வைத்திருக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் ஆவணத்தில் பொதுவான சொல் ஒன்றுகூட இருக்காது. தந்தைக்கும் இதே நிலைதான்: குழந்தையின் குடும்பப்பெயராக இருப்பது அவருடைய இயற்பெயர், அவருடைய குடும்பப்பெயரோ தாத்தாவின் பெயர். குடும்பம் முழுவதும் ஒரே பெயரைச் சுமக்கும் மரபில் பழகிய அதிகாரிக்கு இது ஐயம் தரும். இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சாகிவந்த பெற்றோர் பெயர்கள் இதை ஓரளவு தீர்த்தன. குழந்தை வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால் அந்த வசதியும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலும் பாஸ்போர்ட்டில் உள்ளதும் வேறுபட்டால், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்று கடிதத்தில் ஒரு வரி சேர்ப்பது நல்லது.

சம்மதம் மறுக்கப்படும்போது

ஒருவர் கையெழுத்திட மறுத்தால் எஞ்சியிருக்கும் வழி நீதிமன்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம்; இந்தியாவில் குடும்ப நீதிமன்றத்தை அணுகலாம். ஹேக் உடன்படிக்கையில் இல்லாத நாட்டுக்குப் பயணம் என்றால், குழந்தை திரும்பாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு, திரும்பாவிட்டால் விளைவு என்ன, தடுக்கும் ஏற்பாடுகள் எவை என்று ஆங்கில நீதிமன்றங்கள் எடைபோடுகின்றன. பணப் பிணை, திரும்பும் டிக்கெட், எழுத்துபூர்வ உறுதிமொழி, பாஸ்போர்ட்டை ஒப்படைத்தல் ஆகியவை வழக்கமான நிபந்தனைகள்.

இவற்றோடு, போகும் நாட்டின் நீதிமன்றத்திடமும் அதே உள்ளடக்கமுள்ள இணை ஆணை ஒன்றைப் பெற்றுவரச் சொல்வதும் உண்டு. கென்யாவில் வாழும் தந்தையிடம் மகனை ஒப்படைக்க, அந்நாட்டில் இத்தகைய ஆணை பெற வேண்டும் என்ற நிபந்தனையுடன் இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் அனுமதித்தது. நிபந்தனைகள் மீறப்பட்டதைக் கண்டு 2021இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது.