செகண்ட் ஹேண்ட் அன்னபூரணி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போயிருப்பீர்கள். மரக்காணம் நெருங்கும்போது பாத்தி பாத்தியாக உப்பளங்கள் வரும். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். பெரும்பாலோர் கார் கண்ணாடி வழியாகவே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். அடுத்த முறை கொஞ்சம் இறங்கி நில்லுங்கள். நீளமாக ஒரு கால்வாய் அங்கே வந்து முடிகிறது. சென்னை நகரத்துக்குள் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அதே பக்கிங்ஹாம் கால்வாய்தான்! ஆந்திரப் பக்கத்திலிருந்து கடலை ஒட்டியே இறங்கி வரும் அதன் தெற்கு முனை மரக்காணம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, பட்டினி கிடந்த ஜனங்களுக்கு வேலை தருவதற்காக இதன் ஒரு பகுதியை வெட்டினார்கள். அன்றைய கவர்னர் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

அந்தக் கால்வாயில் மரக்காணத்து உப்பு படகேறி சென்னைக்குப் போனது. காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். காற்று ஓய்ந்தால் கழி போட்டுத் தள்ளுவார்கள், அல்லது கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார்கள். டீசல் செலவு பூஜ்யம்! மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கைமாறிய கோட்டை அது. பத்தே வருஷத்தில், 1760-ல், பிரிட்டிஷ்காரர்கள் பிடித்து உடைத்துப் போட்டார்கள். அதற்குக் கப்பல் துறை ஒன்று இருந்தது. உப்பும் நெய்யும் ஏற்றுமதியான இடம். மொத்தத்தில், பாய்மரம் இந்தக் கரைக்குப் புதிதல்ல.

இப்போது ஒரு கேள்வி. பழைய பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வருகிறது. சனி, ஞாயிறு கடலில் போய்விட்டு, திங்கட்கிழமை ஆபீஸ் வரலாம். வாங்குவீர்களா? நம்மில் பலர் சிரித்துவிடுவோம். மேல்நாட்டில் இது நடுத்தர வர்க்கத்துக்கே உள்ள ஒரு பைத்தியம். நாம் பழைய அம்பாஸடர் வாங்கிய மாதிரி அவர்கள் பழைய படகு வாங்குகிறார்கள்.

இந்தப் பைத்தியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஜோஷுவா ஸ்லோகம் என்று சொல்லலாம். வேலையில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த கப்பல் கேப்டன். 1892-ல் ஒரு நண்பர், 'என்னிடம் ஒரு கப்பல் இருக்கிறது, எடுத்துக்கொள்' என்றார். போய்ப் பார்த்தால், வயல்வெளியில் முட்டுக்கொடுத்து நிறுத்திய ஓட்டை உடைசல்! சிப்பி பிடிக்கப் பயன்பட்ட கிழட்டுப் படகு. நம்ம ஆள் அசரவில்லை. ஒவ்வொரு பலகையாக மாற்றினார். பதின்மூன்று மாதம் உழைப்பு, செலவு 553 டாலர் 62 சென்ட் (கணக்கில் கறார்!). 1895-ல் பாஸ்டனிலிருந்து கிளம்பி, 1898-ல் தன்னந்தனியாக உலகத்தையே சுற்றிவிட்டுத் திரும்பினார். சரித்திரத்தில் அப்படிச் செய்த முதல் மனிதர் அவர்தான். அன்றிலிருந்து, பழைய படகைப் பார்க்கிறவர் கண்ணில் எல்லாம் கொஞ்சம் ஸ்லோகம் புகுந்துவிட்டார்.

அப்படிப் புகுந்தவர்களில் ஒருவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்ஸன். அமெரிக்க இளைஞர். 1928-ல் முப்பத்திரண்டடி நீளமுள்ள சின்னப் பாய்மரப் படகில் கிளம்பி, 1931-ல் உலகத்தைச் சுற்றி முடித்தார். படகின் பெயரைக் கேளுங்கள்... 'ஸ்வாப்'! சம்ஸ்கிருத வார்த்தை. தூக்கம், கனவு என்று பொருள். பிறகு ஃப்ளாரன்ஸ் க்ரேன் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். குழாய், வால்வு தயாரித்துக் கோடீஸ்வரர்களான க்ரேன் குடும்பத்துப் பெண். மனைவியை அழைத்துக்கொண்டு மறுபடி ஸ்வாப்பில் பயணம். 1934-ல் ஆளரவமற்ற காலபகோஸ் தீவுகளில் இருக்கும்போது ராபின்ஸனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. பனாமாவிலிருந்து அமெரிக்க ராணுவ விமானங்கள் டாக்டரோடு பறந்து வந்து உயிரைக் காப்பாற்றின. மனிதர் பிழைத்தார். படகு அங்கேயே நின்றது. பிறகு அது அவர் கைக்குத் திரும்பவேயில்லை.

படகு போனால் பைத்தியம் போகுமா? ராபின்ஸன் அடுத்த கப்பலைத் தேட ஆரம்பித்தார். பணம் இருக்கிறது. அமெரிக்காவில் புதுசாகவே கட்டிக்கொள்ளலாம். ஆனால் அவர் கண் போன இடம் எது தெரியுமா?

மரக்காணத்திலிருந்து கடலோரமாகவே தெற்கே இறங்குங்கள். கடலூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் தாண்டினால் வேதாரண்யம் உப்பளங்கள். (1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய ஊர்.) அதையும் தாண்டினால் கோடிக்கரை. அதற்கு மேல் தரை இல்லை. ஆனால் நம்முடைய கடலோடிகளுக்குக் கடலும் ஒரு தெருதான். பாக் நீரிணையைக் குறுக்கே கடந்தால் எதிர்க்கரையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்கு விளிம்பு. அங்கே இருக்கிறது வல்வெட்டித்துறை.

சின்ன ஊர். ஆனால் கப்பல்காரர்களின் ஊர். சொந்தமாகக் கப்பல் கட்டி, சொந்த ஊர்க்காரர்களே ஓட்டி, இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் போய் அரிசியும் தேக்கும் ஏற்றி வந்தார்கள். 1930-ல் அங்கே கட்டப்பட்ட ஒரு கப்பலின் பெயர் 'அன்னபூரணியம்மாள்'. அரிசி ஏற்றுகிற ஊரின் கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா! 89 அடி நீளம், 19 அடி அகலம், இரண்டு பாய்மரம். மரம்? நம்ம வீட்டு வாசலில் நிற்கிறதே, அதே வேப்பமரம்!

அந்தத் துறைகளில் பெரிய பெரிய வரைபடம் போட்டுக் கப்பல் கட்டும் வழக்கம் இல்லை. ஓடாவி என்று அழைக்கப்படும் கப்பல் தச்சரின் கண்ணும் அளவுகோலும்தான் வரைபடம். முதலில் ஏரா வைப்பார்கள். கப்பலின் முதுகெலும்பு அது. அதிலிருந்து விலா எலும்புகள் மாதிரி வங்குகள் எழும்பும். வளைந்த வங்குக்கு வளைந்த கிளையாகவே தேடிப் பிடிப்பார்கள், நேர்மரத்தை வெட்டி வளைத்தால் இழை அறுந்துவிடும் என்பதால். வங்குமேல் பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் சந்தில் பஞ்சை உளி வைத்து இறுக்கி அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் பூசுவார்கள். கலப்பத்து என்று அதற்குப் பெயர். கப்பல் மிதப்பதே இந்தக் கலப்பத்தின் தயவில்தான்.

ராபின்ஸன் வாங்கியது இந்தக் கப்பலைத்தான். ஆம், அதற்கு முன் உப்புத் தண்ணீரில் பாடுபட்டு உழைத்த ஒரு செகண்ட் ஹேண்ட் சரக்குக் கப்பலை!

எதைப் பார்த்து வாங்கியிருப்பார்? பழைய மரப்படகு பார்க்கப் போகிறவர்களுக்கு உலகம் முழுக்க ஒரே பாடம்தான். பெயின்டைப் பார்க்காதே. பளபளவென்று பூசியிருந்தால் இன்னும் சந்தேகப்படு. கத்தி முனையால் ஏராவையும் வங்குகளின் அடியையும் குத்திப் பார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. மரத்துக்குக் கடலில் ஒரு எமன் உண்டு. பார்க்கப் புழு போல இருக்கும், நிஜத்தில் நத்தை, சிப்பி வகையறா. வெளியே ஊசித்துளைதான் தெரியும், உள்ளே பலகை சல்லடையாகியிருக்கும். அடுத்த எமன் இரும்பு ஆணி. துருப்பிடித்துத் தானும் சாகும், சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். வேடிக்கை என்னவென்றால், உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரக்கப்பலை அதிகம் அழுக வைக்கிறது. அதனால் மேல்தளத்துக்கு அடியில், தண்ணீர் தேங்கும் மூலைகளில்தான் முதலில் மூக்கை நீட்ட வேண்டும். வேப்பமரம் கசப்பு, பூச்சி அண்டாது என்பது நம் கடற்கரைகளில் வழிவழியாக வந்த நம்பிக்கை.

ஆனால் பழைய படகில் கத்தியால் குத்திக் கண்டுபிடிக்க முடியாத ஒரு சமாச்சாரம் இருக்கிறது. அதன் குணம்! எந்தக் காற்றில் எந்தப் பாயைச் சுருக்க வேண்டும், எவ்வளவு பாரம் ஏற்றினால் முரண்டு பிடிக்கும், சுக்கான் எந்த நேரத்தில் கனக்கும்... புதுக் காருக்குக் கொடுக்கிற மாதிரி இதற்கெல்லாம் புத்தகம் கிடையாது. அந்தப் படகை ஓட்டியவர்களின் கையில் மட்டுமே இருக்கிறது. படகு விற்கப்படும்போது அந்தக் கை கூடவே வருவதில்லை. பழைய படகு வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்கிற பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அன்னபூரணி விஷயத்தில் அந்தக் கையும் கூடவே போனது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் (தண்டையல் என்றால் கப்பல் தலைவர்) இன்னும் நான்கு பேரும், ஐந்து பேருமே வல்வெட்டித்துறைக்காரர்கள், அந்தக் கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். கப்பலுக்குப் பெயர் மட்டும் மாறிவிட்டது. 'ஃப்ளாரன்ஸ் சி. ராபின்ஸன்'... மனைவியின் பெயர்! (கப்பலுக்குப் பெயர் மாற்றினால் ஆகாது என்று மேல்நாட்டு மாலுமிகள் பயப்படுவார்கள். ராபின்ஸனுக்கு மனைவி மேல் இருந்த பயம் பெரியது போலும்.)

அரபிக்கடல், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர். அதற்கப்புறம் அட்லாண்டிக். வங்காள விரிகுடாவின் பருவக்காற்றுக்காகக் கட்டப்பட்ட கப்பல் அது. பர்மாவுக்குப் போகிறவர்கள் காற்று எப்போது திரும்பும் என்று தேதி பார்த்துக் கிளம்புவார்கள். அட்லாண்டிக்கில் அந்தப் பஞ்சாங்கம் செல்லாது. ஆனாலும் வேப்பமரம் தாங்கியது. 1938 ஆகஸ்ட் 1-ம் தேதி, மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் க்ளாஸ்டர் துறைமுகத்துக்குள் அது நுழைந்தது.

இதே வேலையை நம் நாட்டு ராணுவ எஞ்சினீயர்களும் பிற்பாடு வேறு விதமாகச் செய்தார்கள். 'திரிஷ்ணா' என்று பெயர் வைத்த 37 அடிப் பாய்மரப் படகில் 1985 செப்டம்பரில் மும்பையிலிருந்து கிளம்பி, 1987 ஜனவரியில் உலகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள். உலகைச் சுற்றிய முதல் இந்தியக் குழு. அதுவும் புதுப் படகு அல்ல, பிரிட்டனில் வாங்கிய பழசு. கூட வருவதற்குத் தம்பிப்பிள்ளை மாதிரி ஒருவர் இல்லை. அதனால் வாங்கிய படகைக் கப்பலில் ஏற்றி அனுப்பாமல், தாங்களே கடல் வழியாக இந்தியாவுக்கு ஓட்டி வந்தார்கள். உலகச் சுற்றுக்கு முன்னால் அத்தனை ஆயிரம் மைல் பழக்கம்!

ஒருவேளை இதையெல்லாம் படித்துவிட்டு உங்களுக்கு நிஜமாகவே ஆசை வந்துவிட்டால் ஒரு எச்சரிக்கை. மரக்காணம் கடற்கரையில் நிறுத்தலாம் என்று கனவு காணாதீர்கள். கரையை ஒட்டியே அலை உடைகிற கடல் இது. கட்டுமரத்துக்குச் சரி, அடியில் கனமான ஏரா உள்ள படகுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை புயல் சீஸன் வேறு. துறைமுகத்துக்குள் பத்திரமாக நிறுத்தி வைத்துப் பாய் விரிக்க வேண்டுமென்றால் சென்னைதான். 1911-ல் ஆரம்பித்த ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கேதான் இருக்கிறது.

மறுபடி க்ளாஸ்டருக்கு வருவோம். அந்த ஊரும் நம்ம வல்வெட்டித்துறை மாதிரிதான். தலைமுறை தலைமுறையாகப் பாய்மரக் கப்பலில் மீன் பிடித்தவர்கள். அன்னபூரணி போய்ச் சேர்ந்த நேரத்தில் அவர்கள் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். சரியாக இரண்டு மாதம் கழித்து, 1938 அக்டோபரில், அமெரிக்க, கனடா மீன்பிடிப் பாய்க்கப்பல்களுக்கு இடையிலான கடைசிப் பந்தயம் அதே கடலில் நடந்தது. க்ளாஸ்டர் கப்பலைக் கனடாவின் 'ப்ளூநோஸ்' ஜெயித்தது. கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் பாய் விரித்து நிற்பது அதன் உருவம்தான். அவ்வளவு புகழ் பெற்ற கப்பலையும் 1942-ல் மேற்கிந்தியத் தீவுகளில் சரக்கு ஏற்றுவதற்கு விற்றுவிட்டார்கள். 1946-ல் ஹைதி அருகே பவளப்பாறையில் மோதி அது முடிந்தது.

ராபின்ஸன் அதற்கப்புறம் பழைய கப்பல் தேடவில்லை. க்ளாஸ்டருக்குப் பக்கத்து ஊரான இப்ஸ்விச்சில் சொந்தமாகவே ஒரு கப்பல் கட்டும் தளம் வைத்திருந்தார். 1942-ல் அங்கே 'வாருவா' என்று தனக்கென ஒரு கப்பலைக் கட்டிக்கொண்டார். எழுபதடி நீளம், அன்னபூரணி போலவே இரண்டு பாய்மரம். 1945-ல் அதிலேயே ஏறி தாஹித்தி தீவுக்குப் போய், அங்கேயே குடியேறிவிட்டார்.