ஷிப்ட் தொழிலாளர்களின் ஓய்வு நேரம்

வேலை, பயணம், வீட்டுக் கடமைகள் ஆகியவை போக, ஒருவர் தம் விருப்பப்படி செலவிடக்கூடிய நேரமே ஓய்வு நேரம் எனப்படுகிறது. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி பகுதித் தொழிற்சாலைகளில் சுழற்சி முறையில் பணிபுரிவோருக்கு இந்நேரம் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு வாரம் மாலையில் கிடைப்பது, அடுத்த வாரம் முற்பகலில் கிடைக்கிறது. இரவுப்பணி வாரத்திலோ, உறக்கத்துக்குரிய நேரத்தோடு கலந்துவிடுகிறது. ஆகவே, ஓய்வு நேரம் பற்றிய பொதுவான அறிவுரைகள் இவர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

உறக்கமும் கைபேசியும்

உடலின் உள்கடிகாரம் ஒளியைக் கொண்டு இயங்குகிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் குறைகிறது. அதனால் பகல் உறக்கம் பெரும்பாலும் குறைவாகவும் இடையிடையே கலைவதாகவும் அமைகிறது. தலைவலி, வயிற்றெரிச்சல் எனப் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் இளம் தொழிலாளர்கள் பலர், நான்கைந்து மணி நேரமே உறங்குவதாகக் கூறுகின்றனர். பெரியவர்களுக்குத் தேவைப்படுவது ஏழு மணி நேரமேனும் ஆகும்.

மீதி நேரம் பெரும்பாலும் கைபேசியில் கழிகிறது. இதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வது முறையன்று. எட்டு மணி நேரம் இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்தவர், தமக்கென ஒரு மணி நேரத்தை விரும்புவது இயல்பே. அந்த ஒரு மணி நேரத்தை உறங்குவதற்கு முன் வைக்காமல், விழித்தெழுந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். இரவுப்பணி முடிந்ததும் எளிய உணவு உண்டு, இருட்டாக்கிய அறையில் படுத்துவிடுங்கள். உறங்குவதற்கு ஆறு மணி நேரம் முன்னரே தேநீர், காபியை நிறுத்துங்கள். விடுதியில் தங்கியிருப்போர், ஒரே ஷிப்டில் உள்ளவர்களுக்கு ஒரே அறை தருமாறு காப்பாளரிடம் கேட்கலாம்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் பயணம்

இரவுப்பணி முடித்த காலையிலேயே இருசக்கர வாகனத்தில் சொந்த ஊருக்குப் புறப்படுவோர் உண்டு. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில்தான் விபத்துகளுக்குப் பெயர்போன தொப்பூர் கணவாய் உள்ளது.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைவதாக 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் வாகனம் ஓட்டுவோருக்கான சட்ட வரம்பு 0.03 விழுக்காடே. முந்தைய நாள் நண்பகலில் எழுந்து, இரவு முழுதும் பணியாற்றி, காலை ஆறு மணிக்கு வண்டியை எடுப்பவர் ஏற்கெனவே 18 மணி நேரம் விழித்திருக்கிறார். மதுவைத் தொடாதவரே ஆயினும், அவர் கைகளும் கண்களும் அந்நிலையில்தான் உள்ளன.

ஊர் சேர்வது அரை நாள் தாமதமானாலும், உறங்கி எழுந்த பின்னரே புறப்படுங்கள். அல்லது பேருந்தில் செல்லுங்கள். இமை கனத்தல், கடந்து வந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாமை, வண்டி தடம் விலகுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே வண்டியை நிறுத்துங்கள். முகம் கழுவுவதும் பாட்டுக் கேட்பதும் உறக்கத்தை வெல்லா. இருபது நிமிடத் துயில் ஓரளவு உதவும்.

மிகைநேரப் பணி

கடன், தங்கையின் திருமணம், வீட்டு வாடகை எனக் காரணங்கள் உண்மையானவையே. எனினும், வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், மாரடைப்பு முதலிய இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் அறிவித்தன. வார விடுமுறையை மாதக்கணக்கில் தொடர்ந்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

நடைப்பயிற்சி

“நாள் முழுதும் நின்றுதானே வேலை செய்கிறேன், நடை எதற்கு?” என்று பலர் கேட்கின்றனர். ஓரிடத்தில் நிற்பது கால்களைக் களைப்பாக்கும். இதயத்துக்குப் பயிற்சி ஆகாது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரின் குளிர்ந்த காற்று இதற்கு ஏற்றது. சந்திரசூடேசுவரர் மலைக்கு ஏறிவரக் கட்டணமும் இல்லை.

உதவி பெற

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 5.8.2021 அன்று இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியவற்றை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். ஓய்வு நேரம் முழுவதும் மதுவிலோ பணம் வைத்து ஆடும் விளையாட்டிலோ கழிகிறது என்றாலும், தனிமை தாளவில்லை என்றாலும், 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழோடு தெலுங்கு, கன்னடம், இந்தியிலும் பேசலாம்.